ஒரே வண்டிக்கு ஊருக்கு ஒரு விலை: அங்கேயே வாங்குவதா, கொண்டுவருவதா, திரும்பி வந்து வாங்குவதா?

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பகுதியில் தங்கி, துவாஸில் உள்ள ஒரு தொழிற்கூடத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் என் தங்கை மகன், பொங்கலுக்குத் திருச்சிக்கு வந்திருந்தபோது ஒரு கணக்கோடு வந்தான். அவன் ஆசைப்பட்ட 150 சிசி வகை மோட்டார் சைக்கிளின் சிங்கப்பூர் விலையை ரூபாயில் பெருக்கினால் ஒன்பதரை இலட்சத்தைத் தாண்டுகிறது; அதே வகை வண்டி தில்லைநகர் ஷோரூமில் இரண்டு இலட்சத்துக்குள் நிற்கிறது. "மாமா, அங்கே மட்டும் என்ன தங்கத்திலா செய்கிறான்?" என்பது அவன் கேள்வி. இன்னும் மூன்று ஆண்டுகளில் ஊர் திரும்பிவிடும் எண்ணம் அவனுக்கு இருப்பதால், அவன் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. அங்கேயே வாங்கி ஓட்டிவிட்டு விற்றுவிட்டு வருவது ஒன்று. வாங்கிய வண்டியைத் திரும்பும்போது ஊருக்குக் கொண்டுவருவது இன்னொன்று. பேருந்திலும் ரயிலிலும் பொறுத்துக்கொண்டு, திரும்பிய பிறகு இங்கே வாங்குவது மூன்றாவது. துபாயில் கார்கள் மலிவு, அங்கிருந்து ஒன்றை வரவழைக்கலாமே என்று நண்பர்கள் சொன்னதையும் அவன் பட்டியலில் சேர்த்திருந்தான்.

விலையை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பது நம் பழக்கம். ஆனால் வண்டி விஷயத்தில் அந்தப் பெருக்கல் எதையும் சொல்லாது. ஏனென்றால் ஒவ்வொரு நாட்டிலும் அந்த விலைக்குள் அடங்கியிருக்கும் சரக்கே வேறு. சிங்கப்பூரிலிருந்தே தொடங்குகிறேன், கூறுகள் மிகத் தெளிவாகப் பிரிந்து தெரிவது அங்கேதான்.

சிங்கப்பூரில் 1990ஆம் ஆண்டு முதல், வண்டி வாங்குவதற்கு முன்னால் வண்டி வைத்துக்கொள்ளும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும். சிஓஇ என்று எல்லோரும் சொல்லும் வாகன உரிமைச் சான்றிதழ் பத்தாண்டுகளுக்குச் செல்லும். கார்களுக்கு இரண்டு பிரிவுகள், சரக்கு வண்டிகளுக்கும் பேருந்துகளுக்கும் ஒன்று, மோட்டார் சைக்கிளுக்குத் தனியாக ஒன்று, பொதுப்பிரிவு ஒன்று என மாதம் இருமுறை ஏலம் நடக்கிறது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் 1,50,000 வெள்ளியை, அதாவது சிங்கப்பூர் டாலரை, தொட்டது. அந்தப் பணத்தில் ஒரு போல்ட், ஒரு நட்டு கூடக் கிடையாது.

ஒரு காரின் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். துறைமுகத்தில் இறங்கும்போது அதன் மதிப்பு 25,000 வெள்ளி என்று கொள்வோம். 20 சதவீதக் கலால் தீர்வை 5,000 வெள்ளி. இரண்டும் சேர்ந்த 30,000 வெள்ளிக்கு 9 சதவீதப் பொருள் சேவை வரி 2,700 வெள்ளி. கூடுதல் பதிவுக் கட்டணம் என்ற பெயரில் முதல் 20,000 வெள்ளி மதிப்புக்கு நூறு சதவீதமும் அடுத்த 20,000க்கு 140 சதவீதமும் உண்டு. இந்தக் காருக்கு அது 27,000 வெள்ளி ஆகிறது. பதிவுக் கட்டணம் 350. இதுவரை 60,050 வெள்ளி. இதன்மேல் சான்றிதழ் ஒரு இலட்சம் வெள்ளி என்றால், விற்பவரின் இலாபம் சேராமலேயே 1,60,050 வெள்ளி. அதில் கார் என்பது 25,000 மட்டுமே. மீதி 84 சதவீதம் அரசுக்குப் போகிறது. எண்பதாயிரம் வெள்ளிக்கு மேல் மதிப்புள்ள கார் என்றால், அந்த வரம்புக்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டும் கூடுதல் பதிவுக் கட்டணம் 320 சதவீதம்.

மோட்டார் சைக்கிளிலும் கதை இதுவே, அளவுதான் சிறியது. இறக்குமதி மதிப்பு 4,000 வெள்ளி, கலால் 12 சதவீதம், அதன்மேல் பொருள் சேவை வரி, முதல் 5,000 வெள்ளி மதிப்புக்கு 15 சதவீதக் கூடுதல் பதிவுக் கட்டணம், 350 வெள்ளி பதிவு என எல்லாம் சேர்த்து 5,833 வெள்ளி ஆகிறது. சான்றிதழ் 9,000 வெள்ளி என்றால் மொத்தம் 14,833. வெள்ளிக்கு 65 ரூபாய் வைத்தால் இதுதான் என் மருமகன் சொன்ன ஒன்பதரை இலட்சம். வண்டியைவிட வண்டிக்கான அனுமதி இரண்டு மடங்குக்கும் மேல்.

இப்போது தமிழ்நாட்டுக்கு வருவோம். ஷோரூம் விலை 8 இலட்சம் ரூபாய் உள்ள ஒரு சிறிய காரில், 2025 செப்டம்பர் 22 முதல் நடப்பில் உள்ள 18 சதவீத ஜிஎஸ்டி ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அது ஏறத்தாழ 1.22 இலட்சம். 2023 நவம்பரில் திருத்தப்பட்ட விகிதப்படி 5 முதல் 10 இலட்சம் வரையிலான கார்களுக்கு வாழ்நாள் வரி 13 சதவீதம், அதாவது 1.04 இலட்சம். இரண்டும் சேர்ந்து 2.26 இலட்சம், காப்பீட்டுக்கு முந்தைய மொத்தத் தொகையில் கால் பங்கு. இருசக்கர வாகனத்துக்கு ஒரு இலட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். இவை தவிர, புதிய காருக்கு மூன்றாண்டு, புதிய பைக்குக்கு ஐந்தாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீட்டை முதலிலேயே கட்ட வேண்டும் என்பது 2018 முதல் உள்ள விதி. எங்கள் வீட்டுக்கு முன்பு ஒரு பைக் வாங்கியபோது, விலைப்பட்டியலில் இவற்றுக்கெல்லாம் கீழே 'ஹேண்ட்லிங்' என்று ஒரு தொகை இருந்தது. எதைக் கையாண்டதற்கு என்று கேட்டேன். குடோனிலிருந்து ஷோரூமுக்கு ஓட்டி வந்ததற்கு என்றார் விற்பனைப் பையன், முகத்தை நேரே பார்க்காமல். இரண்டு முறை கேட்டதும் அந்தத் தொகை அடிக்கப்பட்டது. ஆகவே ஊரில் வாங்குகிறவர்கள் ஷோரூம் விலையைப் பேசி முடித்துவிட்டு நிம்மதியாக எழுந்துவிடக் கூடாது. ஆன்ரோடு பட்டியலை வரி வரியாகப் படிக்க வேண்டும்.

ஆனால் இந்தக் கால்பங்கு வரி என்பது இங்கேயே செய்யப்படும் வண்டிக்குத்தான். முழுதாகக் கட்டிய நிலையில் வெளிநாட்டிலிருந்து வரும் 40,000 அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட காருக்கு, 2025 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தின்படி அடிப்படைச் சுங்கம் 70 சதவீதம், வேளாண் கட்டமைப்புத் தீர்வை 40 சதவீதம். இரண்டும் சேர்ந்து 110. வந்திறங்கும் மதிப்பு 40 இலட்சம் என்றால் சுங்கத்துக்குப் பின் 84 இலட்சம். அதற்கு 40 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 1.17 கோடிக்கு மேல். 20 சதவீத வாழ்நாள் வரியும் கட்டினால் 1.41 கோடி. சிங்கப்பூர் அரசு இட நெருக்கடிக்காக வண்டி வைத்திருக்கும் அனுமதியை விற்கிறது என்றால், இந்திய அரசு உள்ளூர்த் தொழிற்சாலைக்காக வேலி கட்டுகிறது. வாங்குகிறவருக்கு இரண்டும் அதிக விலையாகத் தெரிந்தாலும், தப்பிக்கும் வழி வேறுவேறு. அனுமதிக்கான விலையிலிருந்து யாரும் தப்ப முடியாது. வேலிக்கு உள்ளே செய்யப்பட்ட வண்டியை வாங்கினால் வேலி நம்மைத் தொடாது. பிஎம்டபிள்யூ நிறுவனம் 2007 முதல் செங்கல்பட்டு மாவட்டத்து மகிந்திரா சிட்டியில் பாகங்களை இணைத்துக் கார்களாக்குவதும், அதன் 310 சிசி பைக்குகளை டிவிஎஸ் நிறுவனம் ஓசூரில் செய்ததும், பிரிட்டிஷ் பெயர் தாங்கிய டிரையம்ப் 400 சிசி வண்டிகளைப் பஜாஜ் நிறுவனம் சாக்கனில் செய்வதும் இந்த வேலியைத் தாண்டுவதற்காகத்தான். பாகங்களாக வந்தால் சுங்கம் பெருமளவு குறைந்துவிடுகிறது.

வேலியும் விலையும் எந்திரத்தின் உருவத்தையே மாற்றிவிடுவது இதில் எனக்குப் பிடித்த பகுதி. சற்று விலகினாலும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் குறைந்த வரி வேண்டுமானால் கார் நான்கு மீட்டருக்குள் இருக்க வேண்டும்; மாருதி பிரெஸ்ஸாவை அளந்து பாருங்கள், 3,995 மில்லிமீட்டர். இருசக்கர வாகனத்தில் வரம்பு 350 சிசி. ராயல் என்ஃபீல்டின் '350' வண்டிகளின் உண்மையான கொள்ளளவு 349 சிசி, ஆகவே 2025 செப்டம்பரில் 28 சதவீதம் 18 ஆகக் குறைந்த பலன் அவற்றுக்குக் கிடைத்தது, 650 சிசி வண்டிகளோ 40 சதவீதத்துக்கு ஏறின. அமெரிக்காவில் 1983இல் ரீகன் அரசு ஹார்லி டேவிட்சனைக் காப்பாற்றுவதற்காக 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி மோட்டார் சைக்கிள்களின் சுங்கத்தை 4.4 சதவீதத்திலிருந்து 49.4 சதவீதத்துக்கு உயர்த்தியபோது, ஜப்பானியர்கள் 750 சிசி வண்டிகளின் எஞ்சினைச் சிறிது சுருக்கி 700க்குள் கொண்டுவந்து விற்றார்கள்.

சரி, வரி மட்டும்தான் காரணமா என்றால், இல்லை என்பதற்குச் சென்னைப் புறநகரில் செய்யப்படும் ஒரு வண்டியே சாட்சி. ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650, 2018 நவம்பரில் இந்தியச் சந்தைக்கு வந்தபோது ஷோரூம் விலை 2.50 இலட்சம் ரூபாய். அதற்குள் 31 சதவீத வரி இருந்தது; வரியை நீக்கினால் 1.91 இலட்சம். அதே வண்டிக்கு அமெரிக்காவில் அறிவித்த விலை 5,799 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் நான்கு இலட்சத்துக்கு மேல், அதுவும் அங்கத்திய விற்பனை வரி சேராமல். 700 சிசிக்கு உட்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு அன்று அமெரிக்காவில் இறக்குமதிச் சுங்கமே கிடையாது. அப்படியிருந்தும் இரண்டு மடங்குக்கு மேல். கப்பல் கூலியும், அங்கே கடை நடத்துகிறவரின் வாடகையும், மெக்கானிக்கின் சம்பளமும், அந்த நாட்டுப் புகைச் சோதனைக்கான செலவும் ஒரு பங்கு. மற்றொரு பங்கு, அந்தச் சந்தையில் போட்டி வண்டிகள் என்ன விலைக்கு விற்கின்றன என்பது. இந்த விலையிலும் அங்கே அது மலிவான வண்டி என்றே பெயர் வாங்கியது.

உற்பத்தியாளர் செலவைப் பார்த்து மட்டும் விலை வைப்பதில்லை, வாங்குகிறவரின் மடியைப் பார்த்தும் வைக்கிறார். ஐரோப்பிய ஆணையம் பல ஆண்டுகள் வெளியிட்டு வந்த கார் விலை ஒப்பீட்டு அறிக்கைகளில், பதிவு வரி மிகக் கடுமையான டென்மார்க்கில்தான் வரிக்கு முந்தைய விலை அடிக்கடி மிகக் குறைவாக இருந்தது. வரி சேர்ந்த பின் யாரும் வாங்கமாட்டார்கள் என்பதால் நிறுவனங்களே தங்கள் விலையை இறக்கிக்கொண்டன. அதே காரை பக்கத்து நாட்டுக்காரர் குறைந்த விலை நாட்டில் வாங்கிக்கொண்டு போனால் என்ன ஆகும்? ஜெர்மனியரும் ஆஸ்திரியரும் இத்தாலிக்குப் போய் வாங்க முயன்றபோது இத்தாலிய டீலர்கள் விற்கக் கூடாதென்று ஃபோக்ஸ்வாகன் தடுத்தது; 1998இல் ஐரோப்பிய ஆணையம் அந்நிறுவனத்துக்கு 10.2 கோடி எக்யூ (யூரோவுக்கு முந்தைய ஐரோப்பிய நாணய அலகு) அபராதம் விதித்தது. ஒரு பொதுச் சந்தைக்கு உள்ளேயே இந்த நிலை என்றால், கடல் தாண்டிய நாடுகளுக்கிடையே விலை தானாகச் சமன்படும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை.

இலங்கை இன்னொரு வகை. அந்நியச் செலாவணி வற்றியதால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பிப்ரவரி 1 அன்றுதான் மீண்டும் கதவு திறந்தது. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் புதிய வரத்து இல்லாத நிலையில், யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் பழைய மோட்டார் சைக்கிளை வாங்கிய விலைக்கு மேலாகவே விற்றவர்கள் உண்டு. அங்கே அந்தக் காலத்தில் வாகனம் வைத்திருந்தது நகை வைத்திருந்ததற்குச் சமம். வண்டி வாங்கினால் மதிப்பு இறங்கும் என்ற பொது விதியே அங்கே தலைகீழாகியது.

இந்தப் பின்னணியில் மருமகனின் வழிகளை எடுத்துக்கொள்ளலாம். கேட்க வேண்டிய கேள்வி, 'விலை எவ்வளவு' என்பதன்று. 'திரும்பி வராத பணம் எவ்வளவு, வண்டியை எத்தனை ஆண்டுகள் ஓட்டப்போகிறேன்' என்பதே.

துபாய் யோசனை முதலிலேயே விழுந்துவிடுகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் சுங்கம் 5 சதவீதம், மதிப்புக் கூட்டு வரி 5 சதவீதம் என்பதால் அங்கே கார் மலிவு என்பது உண்மைதான். ஆனால் அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். இந்திய இறக்குமதி விதி வலப்பக்க ஸ்டியரிங்கை மட்டுமே ஏற்கிறது. மலிவு என்பது அந்த ஊரில் ஓட்டுகிறவருக்குத்தான்.

சிங்கப்பூர் வண்டியைக் கொண்டுவருவதில் ஸ்டியரிங் சிக்கல் கிடையாது. ஆனால் பயன்படுத்திய வண்டி மூன்றாண்டுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். சென்னைத் துறைமுகம் நம் வாசலில் இருந்தும் பயனில்லை. பயன்படுத்திய மோட்டார் சைக்கிளுக்குச் சுங்கமும் வேளாண் தீர்வையும் சேர்ந்து 110 சதவீதம், காருக்கு 137.5. குடிபெயர்ந்து வருபவரின் வீட்டுச் சாமான்களுக்குக் கிடைக்கும் சலுகை வாகனத்துக்குப் பொருந்தாது. மதிப்பையும் நாம் சொல்வதுபோல் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். புதிதாக இருந்தபோதைய விலையிலிருந்து காலாண்டுக்கு இவ்வளவு என்று தேய்மானம் கழித்து அவர்களே கணக்கிடுவார்கள். அப்படிக் கணக்கிட்டு வந்த மதிப்பு 3,000 வெள்ளி என்றே வைப்போம். 110 சதவீதம் சேர்ந்து 6,300. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 7,434 வெள்ளி, அதாவது 4.83 இலட்சம் ரூபாய். மூன்றாண்டு ஓடிய 150 சிசி வண்டிக்கு இது. இந்த வகை வண்டிகளை இந்தியாவிலேயே இலட்சக்கணக்கில் செய்கிறார்கள். யமஹாவுக்குச் சென்னை அருகே வல்லம் வடகாலில் தொழிற்சாலையே இருக்கிறது. பனைமரத்துக்குக் கீழே இருந்துகொண்டு பதநீரைக் கப்பலில் வரவழைப்பது போன்றது. சான்றிதழுக்குக் கொடுத்த பணமும் வண்டியோடு கப்பல் ஏறாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மீதமிருப்பது, அங்கே வாங்குவதா, காத்திருப்பதா என்பது. இதில்தான் பெருக்கல் கணக்கு ஆளை ஏமாற்றுகிறது. சான்றிதழுக்குக் கட்டிய 9,000 வெள்ளி முழுவதும் போவதில்லை. மூன்றாண்டில் பதிவை நீக்கினால் மீதமுள்ள ஏழாண்டுக்கு உரிய 6,300 வெள்ளி திரும்பி வரும். ஆகவே அனுமதிக்கு உண்மையில் செலவானது ஆண்டுக்கு 900 வெள்ளி, நாளுக்கு இரண்டரை வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. வண்டியின் தேய்மானம், காப்பீடு, நிறுத்தக் கட்டணம், பெட்ரோல் எல்லாம் இதன்மேல். உட்லண்ட்ஸிலிருந்து துவாஸுக்கு விடியற்காலை ஷிப்டுக்கு, முதல் ரயில் கிளம்புவதற்குமுன் போக வேண்டியவனுக்கு அது ஆடம்பரம் ஆகாது. ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் அலுவலகம் உள்ளவருக்கு அதே பணம் வீண்.

கார் என்றால் என் பதில் வேறு. மேலே சொன்ன கணக்கில் சான்றிதழுக்கு மட்டும் ஆண்டுக்கு 10,000 வெள்ளி. வாடகைக் காரிலேயே போய்வந்தாலும் அதைச் செலவழிக்க ஒருவர் கடுமையாக முயல வேண்டும். மூன்றாண்டில் ஊர் திரும்பும் ஒருவர் அங்கே புதுக் கார் வாங்குவதை எந்தக் கணக்கிலும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

பைக்கிலும் புதியதை நான் பரிந்துரைக்கவில்லை. சிங்கப்பூரில் பழைய வண்டியின் விலை, சான்றிதழில் எத்தனை மாதம் மிச்சம் என்பதை வைத்தே நிர்ணயமாகிறது. மூன்றாண்டு மீதமுள்ள வண்டியை வாங்கினால், திரும்பும் நாளும் சான்றிதழ் முடியும் நாளும் ஏறத்தாழ ஒன்றாக வரும். விற்கும் தலைவலியும், ஏலம் திடீரென இறங்கினால் நஷ்டப்படும் அபாயமும் இல்லை. ஏலத்தில் சான்றிதழ் விலை சரிந்தால், அதிக விலையில் எடுத்தவரின் வண்டியைச் சந்தையில் யார் வாங்குவார்கள்? புது வண்டி வாங்குபவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு அபாயத்தை எண்ணிப் பார்ப்பதில்லை.

திரும்பி வந்து இங்கே வாங்குவதற்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. புதுச்சேரியில் பதிவு செய்தால் வரி குறைவு என்ற யோசனை தமிழ்நாட்டில் எந்தக் குடும்பக் கூட்டத்திலும் ஒருவர் வாயிலிருந்து வந்துவிடும். வேறு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும், வரியும் கட்ட வேண்டும். அங்கே பொய் முகவரி கொடுத்திருந்தால் வழக்கும் வரும். சில பிரபலங்களின் கார்கள் இப்படிச் செய்தித்தாளில் வந்ததை எல்லோரும் படித்திருக்கிறோம். காப்பாற்றுகிற தொகையைவிடக் கவலை பெரிது.

பிரிட்டனிலிருந்து முழுதாக வரும் காரில் ஆசை உள்ளவர்கள் மட்டும் சிறிது பொறுக்கலாம் என்று தோன்றுகிறது. 2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய பிரிட்டன் ஒப்பந்தத்தில், கார்களுக்கான சுங்கம் ஒதுக்கீட்டு எண்ணிக்கைக்கு உட்பட்டுப் படிப்படியாக 10 சதவீதத்துக்கு இறங்க வழி செய்யப்பட்டிருக்கிறது. வேலி மெதுவாகத் தாழ்ந்து வருகிறது. ஆனால் 40 சதவீத ஜிஎஸ்டியும் மாநில வாழ்நாள் வரியும் அதனால் குறைந்துவிடப் போவதில்லை.

மருமகன் ஏப்ரலில் கூப்பிட்டான். சான்றிதழில் இரண்டு ஆண்டு பதினொரு மாதம் மிச்சமுள்ள ஒரு பழைய வண்டியை எடுத்துவிட்டானாம். செயினும் ஸ்ப்ராக்கெட்டும் மாற்ற வேண்டியிருந்ததாம், பின் டயர் பாதி தேய்ந்திருக்கிறதாம். புதியதுக்கும் பழையதுக்கும் இடையே மிஞ்சிய பணத்தை ஊர்க் கணக்கில் போட்டுவிட்டதாகச் சொன்னான். தில்லைநகர் ஷோரூமில் ஆன்ரோடு பட்டியலை இப்போதே வாங்கி வைக்கச் சொன்னான். மூன்றாண்டுக்குள் அந்தப் பட்டியல் எத்தனை முறை மாறுமோ தெரியாது என்றேன். அப்படியானால் ஹேண்ட்லிங் தொகையை மட்டும் இப்போதே அடித்து வைக்கச் சொல்லுங்கள் மாமா என்றான்.